நெடும்பயணியின் முன்மாதிரி

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் அக்கா என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக அவள் மேசைக்கு வரும். பொத்தானை இழுத்துப் பார்ப்பாள், தையலை இரண்டு கட்டைவிரலாலும் பிரித்துப் பார்ப்பாள், காலரை மடக்கி நிமிர்த்துவாள். அப்புறம் முதலிலிருந்து இன்னொரு தடவை. "அக்கா மேசைக்குப் போன சட்டை உயிரோட திரும்பாது" என்று தையல் வரிசையில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவள் தள்ளிய சட்டையில் குறை இல்லை என்று இதுவரை யாராலும் நிரூபிக்க முடிந்ததில்லை என்பதால் முதலாளிக்கு அவளைப் பிடிக்கும்.

வேலையில் நல்ல பெயர் வாங்கித் தந்த அதே குணம் வீட்டில் எல்லோர் உயிரையும் எடுத்தது. படியிறங்கிப் பாதித் தெரு போனவள், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஏறுவாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள், பார்த்ததையே நம்பாமல் மறுபடி இழுப்பாள். சாப்பிடும்போதும் ஒரு கால் எழுந்து நிற்கத் தயாராக இருக்கும். "உனக்கு எதுக்கு நாற்காலி? அதை வித்துட்டு ஒரு சைக்கிள் வாங்கிடலாம்" என்பார் கணவர். லாரி அலுவலகத்தில் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து சரக்குப் பதிகிற மனிதர். இருவரும் எப்படித்தான் இத்தனை வருஷம் குப்பை கொட்டினார்களோ!

பிறவிக் குணம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது எந்த மத்தியானத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தச் சங்கதியைத் தோண்டி எடுத்தது அவளுடைய தம்பி. பெயிண்ட் கடை வைத்திருப்பவன், வாய் ஓயாதவன், அப்பா இருந்த வீட்டிலேயே குடியிருப்பவன். அப்பா போய் வருஷம் திரும்பியிருந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று பரணை ஒழித்தவன் அவளுக்குப் போன் செய்தான்.

"அக்கா, ஒரு சமாசாரம். பரண்ல அப்பா செஞ்ச கப்பல் கெடைச்சுது. அதான், அந்த டிவி நாடகத்துல வருமே, நெடும்பயணி, அதோட சின்னது. ஒரு போட்டோ எடுத்து நெட்ல போட்டேன். ரெண்டு பேரு சாமி கண்ட மாதிரி பேசுறாங்க. ஞாயித்துக்கிழமை பார்க்க வராங்களாம்."

"எதுக்குடா கண்டவங்களையும் வீட்டுக்குள்ள விடுறே? உடைஞ்சு போச்சுன்னு சொல்லிடு. தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லு."

"நல்லா இருக்கே! போட்டோ போட்டவன் நானு. நீயும் வா, அப்பாவைப் பத்திக் கேப்பாங்க. எனக்கு என்ன தெரியும், நான் அப்ப தொட்டில்ல கெடந்தவன்."

அன்றைக்கு அவள் மேசைக்கு வந்த சட்டைகளில் பாதி திரும்பிப் போயின. சூப்பர்வைசர் வந்து, "என்னக்கா, தைச்சவங்க மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த இரண்டு பேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒருவர் கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஒல்லி, பேச்சில் படபடப்பு. மற்றவர் கணக்கு டியூஷன் எடுக்கும் வாத்தியார், பருமன், எதற்கும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்காமல் விடமாட்டார். நெடும்பயணி என்பது ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரில் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போன கப்பல். உலகம் அந்தத் தொடரை மறந்துவிட்டது, இவர்களும் இவர்களைப் போன்ற சிலரும் மறக்கவில்லை. அதற்காகக் கதையைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கதாநாயகன் செத்தானா பிழைத்தானா என்பதில் இவர்களுக்கு அக்கறையே கிடையாது. கப்பல், கப்பல் ஆவதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்பதுதான் இவர்கள் பிரச்சினை. படமெடுக்கப் பெரிய கப்பலைச் செய்யும் முன்பு, இப்படி இருக்கலாமா அப்படி இருக்கலாமா என்று இயக்குநருக்குக் காட்டுவதற்காகக் கைக்கு அடக்கமாகச் சிலவற்றை மரத்திலும் அட்டையிலும் செய்து பார்ப்பார்கள். முன்மாதிரி என்பது அதுதான். முடிவு ஆனதும் அது குப்பைக்குப் போய்விடும். ஊரார் குப்பை, இவர்களுக்குப் புதையல்.

பட்டறை மேசையில் ஒரு முன்மாதிரி நிற்கிற ஒரே ஒரு மங்கலான புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அதன் மூக்கில் இருப்பது ஷேவிங் பிரஷ்ஷின் பிடி என்றும், வால் பக்கம் வரிசையாக நிற்பது சீப்பின் பற்கள் என்றும் கண்டுபிடித்தவர்கள் இவர்கள். சீப்பைக் கண்டுபிடித்த நாளில் வாத்தியார் டியூஷனுக்கு விடுமுறை விட்டுவிட்டார் என்று கேள்வி. பிள்ளைகள் அந்தச் சீப்புக்கு இன்னும் நன்றியோடு இருப்பார்கள்.

அந்தச் சீப்பு அக்கா வீட்டுச் சீப்பு. பிரஷ் அப்பாவுடையது. அப்பா படப்பிடிப்பு நிலையத்தின் பட்டறையில் தச்சராக இருந்தார். கதவு, நாற்காலி செய்ய எடுத்த ஆளை, கை நேர்த்தியைப் பார்த்துச் சின்னச் சின்ன வீடுகளும் வண்டிகளும் செய்ய வைத்தார்கள். நெடும்பயணியும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. முன்மாதிரியைப் பாதி பட்டறையிலும் மீதி வீட்டிலுமாகச் செய்தார். வேலை முடிந்ததும் சன்னல் ஓரம் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, "யாரும் தொடக் கூடாது" என்றார். அவர் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லும் பழக்கமே அவருக்குக் கிடையாது.

தொடக் கூடாது என்றால் தொடாமல் இருக்கும் வயசா அது? அம்மா வெளியே போயிருந்தாள், தம்பி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். துணியை விலக்கிக் கப்பலைக் கையில் ஏந்தி, வாயால் உறுமிக்கொண்டு அறைக்கும் கூடத்துக்குமாகப் பறந்தாள். நிலைக்கதவில் இடித்தது. கப்பலின் முதுகில் ஒரு குறுக்குக்கட்டை, அதன் இரண்டு முனையிலும் இரண்டு எஞ்சின், கொம்பு மாதிரி மேலே தூக்கி நிற்கும். கட்டையோடு அப்படியே பெயர்ந்து விழுந்தது.

அழக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. பள்ளிக்கூடத்துப் பசை டப்பாவை எடுத்து வந்தாள். அவசரத்தில் எது மேல், எது கீழ் என்று புரியவில்லை. வயிற்றுப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது, கட்டை அதில் பாந்தமாக உட்கார்ந்தது, அங்கேயே பசையை அப்பி அழுத்திவிட்டாள். வைத்துவிட்டுப் பார்த்தால், எஞ்சின்களின் நெற்றியில் இருக்க வேண்டிய சிவப்புக் கோடு தரையைப் பார்க்கிறது. கொம்புகள் கீழே தொங்குகின்றன. பிய்த்து எடுக்கலாமா என்று யோசிக்கும்போதே படியில் காலடி கேட்டது. துணியைப் போட்டு மூடிவிட்டாள்.

மறுநாள் காலை அப்பா துணியோடு சேர்த்துக் கப்பலைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். சில மாதம்தான் போயிருக்கும், ஒரு மத்தியானம் கருவிப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கூடவே அந்தத் துணி மூட்டையும் வந்தது. நேராகப் பரணில் ஏறியது. கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டது அம்மாவின் குரலை மட்டும்தான்: "எல்லாம் அந்தக் கப்பலால வந்த வினை."

அதற்குப் பிறகு அப்பா ஊராருக்கு அலமாரி செய்தார். வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்து உளியைத் தீட்டுவார். அந்த உளிச் சத்தம் அவளை விரட்டிக்கொண்டே இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. நல்லாப் படிக்கிற பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். தண்டனையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்ட நிம்மதிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. கப்பல் என்ற பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அந்தத் தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. தலையணையை நிமிர்த்துவாள், போர்வையை இழுத்துவிடுவாள், மருந்துச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பாள், சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிடுவாள். அவரும் போய்விட்டார். இப்போது தம்பியும் அந்த ரெண்டு பேரும் சேர்ந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது யாரோ உடைத்து ஒட்டியது என்று சொல்லப் போகிறார்கள். யார் என்று தம்பி கேட்பான். அப்பா பிழைப்பைக் கெடுத்தவள் நீதானா என்று கேட்பான். அவனும் படித்திருக்க வேண்டியவன்தானே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தாள். அவர்கள் வருவதற்கு முன்பே போய்க் கப்பலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவது என்று கிளம்பினாள். அடுப்பு, பூட்டு, மறுபடி அடுப்பு என்று பார்த்து முடித்துப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன.

கூடத்து மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் கப்பலை வைத்திருந்தார்கள். எக்ஸ்ரேக்காரர் முழங்காலிட்டு மேசை விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் ஒரு தாளில் எதையோ அளந்து குறித்தார். தம்பி பெருமையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம், வாங்க. அப்பாவோட கை இருக்கே!" என்று எழுந்தார் எக்ஸ்ரேக்காரர். "இந்த ஓரத்துல உளி ஓடின வேகத்தைப் பாருங்க. நாங்க தேடின முன்மாதிரி இதேதான். பட்டறை போட்டோல எஞ்சின் மேல நிக்கிறது வேற கப்பல், இது அதுக்கப்புறம் புதுசா செஞ்சது. நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், இந்த மனுஷன் ஒத்துக்கல."

"ஆதாரம் இருக்கா?" என்றார் வாத்தியார். "புதுசு இல்லீங்க, அதேதான். அதே சீப்பு, அதே பல்லு உடைஞ்ச இடம். எஞ்சினை மட்டும் கழட்டித் திருப்பிப் போட்டிருக்காங்க. சிவப்புக் கோடு எங்க இருக்கு பாருங்க, அடியில. எவனாவது புதுசா செய்யறப்ப கோட்டை அடியில போடுவானா?"

"அப்ப கழட்டினது யாரு?"

"இயக்குநரு சொல்லியிருப்பாரு."

"அதுக்கு உங்க ஆதாரம் எங்க?" என்று எக்ஸ்ரேக்காரர் பிடித்துக்கொண்டார். "எங்க ஆஸ்பத்திரி தெரு முனையிலதான் இருக்கு. ஒரு படம் எடுத்தா உள்ள எப்படி ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சுடும். புதுசா, பழசான்னு ஒரேயடியா முடிச்சுக்கலாம்."

அவர் கப்பலைத் தூக்கப் போனார். அக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

"வேண்டாங்க. எடுக்காதீங்க. எல்லாம் எனக்கே தெரியும். நான்தான் உடைச்சேன். சின்ன வயசுல. உடைச்சுட்டுப் பயந்துபோய்த் தலைகீழா ஒட்டி வச்சுட்டேன். அதைப் பார்க்காம அப்பா எடுத்துட்டுப் போயி, அங்க மானம் போயி, வேலையும் போச்சு. போதுமா?"

தம்பி டீயைத் தரையில் ஆற்றினான். வாத்தியார் பேனாவை மூடினார், திறந்தார். எக்ஸ்ரேக்காரர் மட்டும் வாயைத் திறந்தபடி அவளையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தலைகீழாவா?" என்றார் அவர். "மேடம், நீங்க நாடகம் பார்த்ததில்லையா?"

"இல்ல."

அவர் பைக்குள் கைவிட்டு ஒரு கட்டுப் படங்களை எடுத்து மேசையில் பரப்பினார். தொடரில் வந்த பெரிய கப்பல். கிரகத்துக்கு மேலே, நட்சத்திரங்களுக்கு நடுவே, புகைக்குள்ளிருந்து வெளியே வரும்போது. எல்லாப் படத்திலும் எஞ்சின்கள் வயிற்றுக்குக் கீழே தொங்கின. சிவப்புக் கோடு அடியில் ஓடியது.

"நெடும்பயணின்னாலே தொங்குற எஞ்சின்தான், மேடம்" என்றார். "அதுக்குத்தான் அந்தக் கப்பலே பேர் போனது. அதுக்கு முந்தி எல்லாரும் மேலதான் வைப்பாங்க. கீழ தொங்கவிடணும்னு யாருக்குத் தோணுச்சுன்னுதான் நாங்க இவ்வளவு காலமா மண்டையை உடைச்சுக்கறோம்."

"சின்னப் பிள்ளை தப்பா ஒட்டினதுன்னா..." என்று ஆரம்பித்த வாத்தியார், ஆதாரம் கேட்க மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் மேசையை நெருங்கினாள். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எடுத்ததையே மறுபடி எடுத்தாள். "அப்புறம் எதுக்கு அப்பாவை வேலையை விட்டு அனுப்பினாங்க?"

"யாரு அனுப்பினா?" என்றான் தம்பி. "அவரா விட்டுட்டு வந்தாரு. அந்தக் கப்பலைப் பார்த்து எல்லாரும் ஆகா ஓகோன்னாங்களாம். நாடகத்துல பேர் போடறப்ப அப்பா பேரு இல்ல, அவருக்கு மேல இருந்த ஆளு பேரு இருந்துச்சு. போய்க் கேட்டிருக்காரு. தச்சன் பேரெல்லாம் போட முடியாதுன்னானாம். நான் செஞ்சதை நான் எடுத்துட்டுப் போறேன்னு இதைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. அம்மா என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கா தெரியுமா?"

"என்கிட்ட சொல்லலியே."

"கப்பல்னு சொன்னாலே நீ எழுந்து போயிடுவியே! உனக்கும் தெரியும், அந்தக் கோவத்துலதான் போறேன்னு நெனச்சோம்."

அவள் நம்பவில்லை. தம்பி நல்லவன், அக்கா மனசு நோகக் கூடாது என்று கதை கட்டினாலும் கட்டுவான். இயக்குநர் பார்த்துச் சிரித்து, பிறகு யாரோ சரிக்கட்டியிருக்கலாம். அப்பா அங்கே எல்லோர் முன்னாலும் துணியை விலக்கித் திகைத்து நின்றிருக்கலாம். அந்த ஒரு காட்சியைத்தான் இத்தனை வருஷமும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பது தன் பசை மட்டும்தானா, வேறு யார் கையாவது பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வேண்டாம் என்று குறுக்கே கை நீட்டியவள், தானே கப்பலைத் துண்டோடு தூக்கிக்கொண்டாள். "படம் எடுக்கலாம், வாங்க."

மருத்துவமனையில் கால் ஒடிந்த நாய் ஒன்று முறை போட்டுக் காத்திருந்தது. எக்ஸ்ரேக்காரர் முதலில் அதன் வேலையை முடித்தார். அந்த நேரத்துக்குள் அக்கா நடைபாதையை எத்தனை தடவை அளந்தாள் என்று நாய்க்குத்தான் தெரியும். பிறகு கப்பல் மேசை ஏறியது. கொஞ்ச நேரத்தில் திரையில் படம் வந்தது. மரம் புகை மாதிரி மங்கலாகத் தெரிந்தது. குறுக்குக்கட்டையும் வயிறும் சேரும் இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று குத்தி நின்றன.

"உலோகம்" என்றார் எக்ஸ்ரேக்காரர். "பசையை நம்பாம ரெண்டு கம்பி அடிச்சு இறுக்கியிருக்காங்க. கம்பித் தலையை அராவி, மேல மக்கு பூசி, பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. வெளிய தெரியவே இல்ல பாருங்க. ஒவ்வொண்ணும் கட்டையையும் உடம்பையும் சேர்த்துத் துளைச்சுப் போயிருக்கு. அப்படின்னா திருப்பி ஒட்டினதுக்கு அப்புறம்தான் அடிச்சிருக்கணும்."

"ஸ்டுடியோவுல அடிச்சிருப்பாங்க" என்றார் வாத்தியார்.

அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு கோட்டின் நுனியில், உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி, நீளவாக்கில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

"இது கம்பி இல்ல" என்றாள். "ஊசி. சாக்கு தைக்கிற ஊசி. ஒண்ணைத்தான் ரெண்டா ஒடிச்சிருக்காரு. இதுல காது இருக்கு, அதுல இல்ல." விரலைத் திரையில் வைத்தாள். "ஸ்டுடியோவுல கம்பிக்கா பஞ்சம்? இது எங்க வீட்டு ஊசி. அப்பா கப்பலைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குக் காலையில அம்மா ஊசியைக் காணோம்னு வீட்டையே ரெண்டாக்கினா."

சொல்லி விளக்க வேண்டியது எதுவும் இல்லை. அப்பா அன்றைக்கே துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பசை வழிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறார், யார் கை என்று புரிந்திருக்கிறது. பிய்த்துத் திரும்ப மேலே வைக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வைக்கவில்லை. தள்ளி நின்று பார்த்திருப்பார். பிடித்துப் போயிருக்கிறது. மகள் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும் என்று ஊசியை ஒடித்து இறுக்கி, அதைத்தான் மறுநாள் எடுத்துப் போயிருக்கிறார். அதற்குத்தான் பெயர் கேட்டிருக்கிறார்.

வாத்தியார் மெதுவாக, "இனிமே வடிவமைச்சவங்கன்னு ரெண்டு பேர் பேரும் எழுதணும்" என்றார். அவள் காதில் அது விழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"தெரிஞ்சும் சொல்லலியேடா" என்றாள் தம்பியிடம். "ஊசி அடிக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலியா? வா, வந்து பாரு, நீ செஞ்சது எப்படி இருக்குன்னு ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

தம்பி அவளை விநோதமாகப் பார்த்தான்.

"கூப்பிட்டாரேக்கா" என்றான். "நாடகம் மறுபடி மறுபடி போட்டப்பல்லாம் கூப்பிடுவாரே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கப்பல் வர நேரமாப் பார்த்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. நீ பின்பக்கம் போயிக் குழாயைத் திறந்துவிட்டுட்டுப் பாத்திரம் தேய்ப்பே."

நாயின் சொந்தக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா, கூப்பிட்டாரு" என்றாள். "அடிக்கத்தான் கூப்பிடுறாருன்னு நெனச்சேன்."

"அப்பா நம்மள ஒரு நாளும் அடிச்சதில்லையேக்கா."

"இல்ல" என்றாள் அவள். "ஒரு நாளும் அடிச்சதில்ல."